வெட்டுமுன் ஒரு கணக்கு

துணியை வெட்டுமுன் பழைய தாளில் வெட்டிப் பார்க்கிறீர்கள் அல்லவா? துணி பிழைத்தால் வேறு வாங்கலாம். நூறு வருடக் காடு பிழைத்தால் இன்னொரு நூறு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே காட்டையே கணனிக்குள் வளர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஹபர்ட் புரூக் காட்டுக்கென பொட்கின், ஜனாக், வாலிஸ் ஆகியோர் 1972இல் வெளியிட்ட ‘ஜபோவா’ இதில் முன்னோடி. மூவர் பெயரும் சேர்ந்ததே அப்பெயர். பத்து மீற்றர் நீளமும் அகலமுமான சிறு துண்டு நிலம். அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கணனி வருடா வருடம் கணக்குப் பார்க்கும். பெரிய மரத்தின் நிழல் விழுகிறதா? மண்ணில் ஈரம் போதுமா? குளிர் எப்படி? அதற்கேற்ப மரம் பருக்கும், அல்லது தேயும். எந்த மரம் எப்போது சாகும் என்று யாருக்குத் தெரியும்? அதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் விட்டுவிட்டு, கணக்கைப் பல தடவை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள்.

இத்தகைய கணக்கில், முழுக் காட்டையும் வெட்டினால் என்ன, சிலவற்றை எடுத்து அறுபது வருடம் விட்டால் என்ன என்பதைக் கோடரி படுமுன்பே பார்க்கலாம். அவசர இலாபம் தேடுவோருக்கு அந்த விடை கசக்கும்.

ஆனால் கணனி தானாக எதையும் அறியாது. அளவு நாடாவுடன் காட்டில் அலைந்தோர் கொடுத்ததே அதன் அறிவு. அங்குள்ள மேப்பிள், பீச் மரங்களின் எண்களை நமது சிங்கராஜ வனத்துக்குப் பொருத்த இயலாது. இங்கும் நாடாவோடுதான் தொடங்க வேண்டும்.