மார்பு வலியெல்லாம் மாரடைப்பு அல்ல

2005 டிசம்பர் 31 அன்று, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 97 வயது மைக்கேல் டிபேக்கிக்குத் திடீரென மார்பில் கடும் வலி. பெருந்தமனி அறுவை சிகிச்சையின் முன்னோடி அவர். வலியின் தன்மையை வைத்தே தனக்குப் பெருந்தமனி கிழிந்திருக்கிறது என்று கணித்தார். 2006 பிப்ரவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். சாதாரண மக்களால் அப்படிக் கணிக்க முடியாது. அதனால்தான் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன நடக்கிறது?

இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மை ரத்தக்குழாய் பெருந்தமனி. அதன் சுவர் பலவீனமாகிப் புடைப்பதே ‘அனியூரிசம்’. கட்டுப்படாத ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மார்ஃபான் போன்ற பரம்பரைக் கோளாறுகள் இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலும் வெளியே தெரியாது. உள்ளடுக்கு கிழிந்தால், ரத்தம் அடுக்குகளுக்கிடையே புகுந்து சுவரைப் பிளந்துகொண்டே போகும். குழாய் வெடித்துவிட்டால் பிழைப்பது அரிது.

அறிகுறிகள்

மார்பிலோ தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ கிழிப்பது போன்ற வலி, தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கும். மயக்கம், மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் செயலிழப்பும் வரலாம். இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வெவ்வேறாக இருப்பது முக்கியத் தடயம். மாரடைப்பென்று எண்ணி ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. சி.டி. ஆஞ்சியோகிராம் உண்மையைக் காட்டிவிடும்.

சிகிச்சை

முதலில் வலியைத் தணித்து, சிரை வழி மருந்தால் நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 60-க்குள்ளும் மேல் ரத்த அழுத்தத்தை 100 முதல் 120-க்குள்ளும் கொண்டுவருவார்கள். கிழிசல் இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் இருந்தால் உடனடி அறுவை சிகிச்சை தேவை. பழுதான பகுதியை நீக்கிச் செயற்கைக் குழாய் பொருத்துவார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் மரண வாய்ப்பை 1 முதல் 2 சதவீதம் கூட்டுகிறது. இறங்குபகுதியில் மட்டும் என்றால் பெரும்பாலும் மருந்தே போதும். சிக்கல் வந்தால் தொடை ரத்தக்குழாய் வழியே ஸ்டென்ட் வைப்பார்கள்.

குடும்பத்தில் யாருக்காவது அனியூரிசம் இருந்திருந்தால் ஒருமுறை ஸ்கேன் பார்த்துவிடுங்கள். ஏறுபகுதி 5.5 செ.மீ. அளவை எட்டினால், வலி இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். மார்ஃபான் உள்ளவர்களுக்கு அதற்கும் முன்பே. திடீர் வலி வந்தால் வாயுக்கோளாறு என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அனியூரிசம் இருப்பது தெரிந்தால், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.