இத்தாலியன் ரெஸ்டாரண்ட் பில்லில் அந்த 10%: நீங்க கட்டியே ஆகணுமா?

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை. பொத்தேரியில லோக்கல் ட்ரெயின் ஏறினா, மாறாமலே நுங்கம்பாக்கம் போயிடலாம். அங்க வாலஸ் கார்டன்ல டஸ்கானா இருக்கு. நகரத்துல வேற சின்ன இத்தாலியன் ரெஸ்டாரண்ட்களும் இருக்கு. எங்க போனாலும் ரெண்டு விஷயம் தெரிஞ்சுட்டுப் போங்க.

ஒண்ணு, ஆர்டர். இத்தாலியில பாஸ்தா முதல் சுற்று. மீன், கறி எல்லாம் அதுக்கப்புறம். அதுக்காக மெனுவுல ஒவ்வொரு தலைப்புலயும் ஒண்ணு வாங்கணும்னு இல்ல. ரெண்டு பேருக்கு ஒரு பீட்சா, ஒரு பாஸ்தா தாராளம்.

ரெண்டு, பில். சாப்பாடு 1,600 ரூபாய்னு வைங்க. தனியா இயங்குற ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி 5%, அதாவது 80 ரூபாய். மொத்தம் 1,680. சில இடங்கள்ல நடுவுல ‘சர்வீஸ் சார்ஜ் 10%’னு ஒரு வரி சேர்ந்துடும். 160 ரூபாய், அதுக்கும் ஜிஎஸ்டி. இப்போ 1,848!

இது அரசாங்க வரி இல்ல. பில்லில் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்க. மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கூட வந்தவங்க முன்னாடி கேட்கக் கூச்சமா? ஆர்டருக்கு முன்னாடியே கேட்டுடுங்க. பரிமாறினவர் நல்லா கவனிச்சாரா? டிப்ஸை அவர் கையிலயே கொடுங்க.