தறிவீட்டில் வளரும் பறவைகள்

சங்கப் பணியின் பொருட்டு அங்கத்தினர் இல்லங்களுக்குச் செல்லுங்கால், தறியோசையோடு புறாக்களின் குனுகலும் நம் செவியில் விழுவதுண்டு. அண்மையில் ஓர் அங்கத்தினர், கால் வீங்கிய புறா ஒன்றை ஏந்தி வந்து நம்மிடம் காட்டினார். நோயென்று எண்ணி மஞ்சள் பூசியிருந்தார். உற்று நோக்கியபொழுது, விரலைச் சுற்றி இறுகியிருந்த கழிவு நூல் தென்பட்டது. நூலை அறுத்தெடுத்தும், இரத்தவோட்டம் நின்று கருகிய விரல் பிழைக்கவில்லை. அன்போடு வளர்ப்பது மட்டும் போதாது. பறவைகளின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

புறா ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். சுமார் 18 நாட்களில் குஞ்சு பொரியும். நடுப்பகலில் ஆண் புறாவும், மாலை முதல் மறுநாட் காலை வரை பெண் புறாவும் அடைகாக்கும். பகலில் பெண் புறாவைக் கூட்டில் காணாது, அது முட்டையை வெறுத்துவிட்டதாகக் கருதிக் கூட்டைக் கலைப்பது தவறாகும். குஞ்சுக்குத் தாயும் தந்தையுமாகிய இரண்டுமே தம் இரைப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டுகின்றன.

கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை முறை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பே இதனை ஆராய்ந்து 1922-இல் வெளியிட்டார். புதிய கோழியைத் திடீரெனக் கூட்டத்தில் விட்டால் சண்டை மூளும். சில நாட்கள் வலைக்கு அப்பால், கண்ணில் படும்படி வைத்துப் பின்னர்ச் சேர்க்கலாம். கோழி மண்ணில் புரள்வதும் வீண் சேட்டையன்று. இறகிலுள்ள மிகுதியான எண்ணெயையும் பேனையும் அது அவ்வாறே போக்கிக்கொள்கிறது. ஆதலின், உலர்ந்த மணல் நிறைந்த பெட்டி ஒன்று அதற்கு அவசியம்.

லவ் பேர்ட்ஸ் என நம்மவர் அழைக்கும் சிறு பறவைகளுள் பெரும்பாலானவை, ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டமாக வாழும் இனத்தைச் சேர்ந்தவை. தனியே அடைபட்ட பறவை, கண்ணாடியில் தெரியும் தன் உருவையே துணையென்று மயங்கி, தின்ற இரையைக் கக்கி ஊட்ட முயலும். இதற்குப் பரிகாரம் கண்ணாடியன்று, உயிருள்ள துணையே.

பச்சைக்கிளியின் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கூண்டில் வளர்ப்பதைத் தடுக்கிறது. மேற்சொன்ன அங்கத்தினரின் திண்ணையிலும் ஒரு கிளி இருந்தது. பயந்து உடனே பறக்கவிட எண்ணினார்; நாம் தடுத்தோம். இரைதேடிப் பழகாத கிளி வெளியே மடிந்துபோகலாம். வனத்துறையினரிடம் ஒப்படைத்தலே முறை. அவ்வாறே செய்தார். அவர் வீட்டுக் குழந்தைகள் இரண்டு நாள் அழுதனராம்.

உலர்ந்த எச்சத் தூசி நுரையீரல் நோயை விளைவிக்கக்கூடும். நீர் தெளித்த பின்னரே கூட்டைப் பெருக்குக. கஞ்சியிட்ட பாவு காயுமிடத்தில் கோழிகளை அண்டவிடாதீர். புறா தன் கூட்டுக்குச் சுள்ளியும் நாரும் தேடித் தரையில் திரிவது. அங்கேயே நூல் அதன் காலிற் சிக்குகிறது. ஆகவே, அன்றாடம் தறியை விட்டு எழுமுன் கழிவு நூலைத் திரட்டி, மூடியுள்ள கூடையில் இடுக. புறாவின் விரலும் தப்பும். கழிவு நூலும் வீணாகாது.