குளிரில் சிறைப்பட்ட உறுப்புகள்

மெத்தனால் நிறமற்ற திரவம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் சிறிதளவு நீர் கலந்து, தூய குவார்ட்ஸ் குழாயில் ஊற்றித் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால், −196° செல்சியசில் அது கண்ணாடி போலத் தெளிவாக இறுகிவிடுகிறது. இருட்டிலேயே வைத்து, கோபால்ட்-60 தரும் காமாக் கதிர்களை அதன்மீது செலுத்தினால் அந்தக் கட்டி கத்தரிப்பூ நிறம் கொள்கிறது! சாயம் ஏதும் சேர்க்கவில்லை. பிறகு சாதாரண மின்விளக்கின் ஒளி பட்டால் நிறம் மறைந்துவிடும். உள்ளே என்னதான் நடந்தது?

கோபால்ட்-60 வெளிவிடும் காமாக் கதிரின் ஒவ்வொரு ஃபோட்டானும் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலைச் சுமந்து வருகிறது. மெத்தனாலில் கார்பனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் பிணைப்பை முறிக்கச் சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் போதும். குருவிமேல் பிரம்மாஸ்திரம் விட்ட கதைதான். அடிபட்ட மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிய்ந்து ஓடி, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஏதோ ஒரு சந்தில் மாட்டிக்கொள்கிறது. இப்படிச் சிக்கிய எலக்ட்ரான்கள் பச்சை ஒளியை உட்கவர்வதால்தான் கட்டி ஊதாவாகத் தெரிகிறது. விளக்கொளி அவற்றை விடுவித்துவிடுவதால் நிறம் போகிறது.

நிறம் போனாலும் கதை முடியவில்லை. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு, பக்கத்து மூலக்கூறிடம் ஒரு புரோட்டானையும் கொடுத்துவிடுகிறது. மிஞ்சுவது ஹைட்ராக்சிமெத்தில் என்னும் துண்டு. அதில் ஓர் எலக்ட்ரானுக்கு இணை இல்லை. இத்தகைய துண்டுகளையே வேதியியலார் 'தனி உறுப்புகள்' என்கிறார்கள். இவை பொறுமை அற்றவை. திரவத்தில் இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எதனுடனாவது வினைபுரிந்து மறைந்துவிடும். உறைந்த பொருளிலோ நகர இடமில்லை. இந்தத் தந்திரத்தை 1942இல் அமெரிக்க வேதியியலார் கில்பர்ட் லூயிசும் டேவிட் லிப்கினும் கையாண்டு காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது காமாக் கதிர் அல்ல, ஒளி.

நிறமற்ற உறுப்பு உள்ளே இருப்பதை எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கலாம். இணையற்ற எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். காந்தப் புலத்தில் வைத்தால், குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட நுண்ணலைகளை அது உட்கவர்கிறது. ரஷ்யாவின் கசான் நகரில் சவோய்ஸ்கி 1944இல் கண்டறிந்த இதற்கு 'எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவு' என்று பெயர். உட்கவரும் கோடுகளின் எண்ணிக்கை, உறுப்பு எது என்பதையே சொல்லிவிடும். ஹைட்ராக்சிமெத்திலில் கார்பனோடு இரண்டு ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. அவற்றின் அணுக்கருக்களும் சின்னஞ்சிறு காந்தங்களே. இரண்டும் புலத்தின் திசையில் நிற்கலாம். இரண்டும் எதிர்த்திசையில் நிற்கலாம். ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் நிற்கலாம். இந்தக் கடைசி நிலை இரண்டு வகையில் அமையும். ஆகவே மூன்று கோடுகள், நடுக்கோடு மட்டும் இருமடங்கு வலிமையுடன். தாளில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்!

கட்டியை மெல்லச் சூடேற்றினால், ஏறத்தாழ −170° அளவில் அது இளகத் தொடங்கும். சிறை திறக்கிறது. உறுப்புகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எத்திலீன் கிளைக்கால் ஆகின்றன. மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் நீரில் கலக்கிறார்களே, அதே பொருள்தான்.

இப்படிச் சேரும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அதைக் கண்டு ஒரு காலத்தில் ராக்கெட் பொறியாளர்களுக்கு ஆசை பிறந்தது. 1 கிராம் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து மூலக்கூறுகளானால் சுமார் 216 கிலோஜூல் கிடைக்கும். 1 கிராம் ஹைட்ரஜன்-ஆக்சிஜன் கலவையை எரித்துப் பெறுவதைப் போல் இது பத்து மடங்குக்கும் மேல். அணுக்களையும் உறுப்புகளையும் உறைய வைத்து எரிபொருளாகச் சேமிக்கலாமா என்று அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 1956 முதல் 1959 வரை ஆராய்ந்தது. திரவ ஹீலியத்தின் −269° குளிரும் கைகொடுக்கவில்லை. நெருக்கமாக அடைத்தால் பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் சேர்ந்துவிடுகின்றன. அந்த வெப்பம் அடுத்தவற்றையும் அவிழ்த்துவிடுகிறது. தள்ளித் தள்ளி அடைத்தாலோ பெரும்பகுதி வெறும் பனிக்கட்டிதான். ராக்கெட் கிளம்பவில்லை. ஆனால் உறுப்புகளைப் பற்றிய அறிவு மிகவும் வளர்ந்தது என்பேன்.

அந்த அறிவு உணவுக்கு உதவுகிறது. இறைச்சியிலுள்ள நுண்ணுயிர்களைக் கதிர்வீச்சால் கொல்லலாம். ஆனால் இறைச்சியின் நீரில் தோன்றும் உறுப்புகள் அங்குமிங்கும் ஓடிப் புரதத்தையும் கொழுப்பையும் தாக்கினால் சுவையும் மணமும் கெடும். உறைய வைத்தபின் கதிர்வீச்சைச் செலுத்தினால் அவை பிறந்த இடத்திலேயே நிற்கின்றன; இளகும்போது பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்து தீர்ந்துவிடுகின்றன. விண்வெளி வீரர்களுக்கான இறைச்சியை உறைந்த நிலையில், 44 கிலோகிரே அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் கதிரூட்ட அமெரிக்க அரசு 1995இல் அனுமதித்தது. இதனால் இறைச்சி கதிரியக்கம் பெற்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். காமாக் கதிர் எலக்ட்ரான்களைத்தான் கலைக்கிறது. அணுக்கருவைக் கதிரியக்கமாக மாற்றும் அளவு ஆற்றல் கோபால்ட்-60இன் கதிருக்கு இல்லை.

கடையில் வாங்கிய கோழிக்குக் கதிரூட்டினார்களா என்று அறியவும் வழி உண்டு. எலும்பின் தாதுப் படிகங்களில் சிக்கிய உறுப்புகளுக்குக் குளிர்கூடத் தேவையில்லை, படிகமே சிறை. இறைச்சி இளகி, சமைத்து, உண்டு முடித்த பிறகும் அவை அங்கேயே இருக்கும். எலும்புத் துண்டைப் பொடித்து, சவோய்ஸ்கி கண்ட முறையில் சோதித்தால் உண்மை வெளிவந்துவிடும்.