துணையிழந்த கற்கள்

கொங்குநாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும் கடலையோ சோளமோ விளையும் மேட்டுக்காட்டின் நடுவே, உழுபவர் ஏரைச் சற்று விலக்கி ஓட்டும்படி, ஆளுயரத்துக்கும் மேலான ஒரு கல் தனியே நிற்பது அரிய காட்சியன்று. அதை நட்டவர் யார், எதற்காக நட்டனர் என்ற கேள்விக்கு ஊரார் ஒரு விடையும் தொல்லியலாளர் வேறொரு விடையும் சொல்வர். நிலத்தின் பழைய புலப்படம் அதை வெறும் எல்லைப்புள்ளியாகக் குறித்திருக்கவும் கூடும். இவற்றுள் எது சரி என்பதை ஆராயுமுன், பார்ப்பவர் மனத்தில் தானாகவே குடியேறிவிடும் ஓர் அனுமானத்தைக் களைய வேண்டியிருக்கிறது. இன்று தனித்து நிற்கும் கல், நட்ட நாளிலும் தனித்தே நின்றது என்பதே அந்த அனுமானம். பல இடங்களில் அந்தத் தனிமை கல்லை நட்டவர்கள் கருதியதன்று, பின்னால் வந்த வேளாண்மை உண்டாக்கியது.

இரும்புக்கால மக்கள் தம் இறந்தோருக்கு எடுத்த ஈமச்சின்னங்களின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். நிலத்தைத் தோண்டி, கற்பலகைகளால் நாற்புறமும் அடைத்துப் பெட்டி போன்ற அறை ஒன்றை அமைத்து, அதில் எலும்புகளையும் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் மணிகளையும் இட்டு மேலே ஒரு பலகையால் மூடினர். இதுவே கற்பதுக்கை எனப்படுகிறது. மூடிய இடத்தின்மேல் சிறுகற்களைக் குவித்து, குவியலைச் சுற்றிப் பெருங்கற்களை வட்டமாகப் பதித்தால் அது கல்வட்டம். இவற்றுள் சிலவற்றுக்கு மட்டும், வட்டத்தின் விளிம்பிலோ அதன் அருகிலோ, உயரமான கல் ஒன்றையும் நட்டனர். தொல்லியல் நூல்கள் இதை நெடுங்கல் என்றோ நெடுநிலை நடுகல் என்றோ குறிக்க, ஊர் வழக்கு குத்துக்கல் என்கிறது. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வழங்குகிறது. நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டக் கொடுமணலில், 1985 முதல் பலமுறை அகழாயப்பட்ட பரந்த ஈமக்காட்டில் பதுக்கை, வட்டம், நெடுங்கல் ஆகிய மூன்றையும் ஒரே நிலப்பரப்பில் காணலாம்.

இத்தகைய ஈமக்காடு உழவுக்கு வந்தபோது முதலில் மறைந்தது சிறுகற்குவியல். அது வரப்புக்கும் வேலிச்சுவருக்கும் கிணற்றின் உட்கட்டுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் பயன்பட்டது. அடுத்து, இருவரோ நால்வரோ கடப்பாரையால் நெம்பி உருட்டக்கூடிய வட்டக்கற்கள் ஓரத்துக்குப் போயின. பல டன் எடையுள்ள நெடுங்கல்லை அசைக்க ஆள்பலமும் செலவும் தேவைப்பட்டன; அதைத் தொட்டால் தீங்கு வரும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. எனவே ஓர் அமைப்பின் மிகப் பெரிய உறுப்பு மட்டும் மிஞ்ச, மற்றவை மறைந்தன. தெலங்கானாவின் நாராயண்பேட்டை மாவட்டத்தில், கிருஷ்ணையாற்றங்கரையில் உள்ள முடுமாலில் பத்தடிக்கு மேற்பட்ட பல நெடுங்கற்களும் அவற்றினிடையே வரிசை வரிசையாகச் சிறுகற்களும் விளைநிலங்களை ஒட்டி நிற்கின்றன. 2025 மார்ச்சில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இவ்விடத்திலும், சிறுகற்களைப் பொறுக்கிவிட்டுப் பெரியவற்றுள் ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், எஞ்சுவது காரணம் புரியாத இன்னொரு தனிக்கல்லாகவே இருக்கும்.

பிரான்சின் பிரித்தானி மாநிலம் இதற்கு இன்னும் வியப்பான சான்று தருகிறது. அங்கே லொக்மாரியாக்கேர் என்ற ஊரில் நான்கு துண்டுகளாக உடைந்து கிடக்கும், ஒருகாலத்தில் சுமார் 20 மீட்டர் நீளமிருந்த பெருங்கல், நெடுங்காலம் ஒப்பற்ற ஒற்றைக்கல்லாகக் கருதப்பட்டது. அகழாய்வில் அதன் பக்கத்திலேயே, வேறு கற்கள் நட்டுப் பிடுங்கப்பட்ட குழிகள் ஒரே வரிசையில் வெளிப்பட்டன. அருகிலுள்ள கல்லறை ஒன்றின் கூரைப்பலகையும், கவ்ரினி தீவில் உள்ள கல்லறையின் கூரைப்பலகையும் ஒரே நெடுங்கல்லின் துண்டுகள் என்பதும், ஒன்றில் பாதியில் அறுபட்ட விலங்கின் உருவம் மற்றொன்றில் தொடர்வதிலிருந்து 1980களில் தெரியவந்தது. நட்டவர்களின் வழிவந்தோரே சில நூற்றாண்டுகளுக்குள் அவற்றைச் சாய்த்து வேறு பயனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், தொன்மையான கல் தொன்மையான நிலையிலேயே இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ஆனால் நிற்கும் கல்லெல்லாம் ஈமக்கல் என்று முடிவுகட்டுவது எதிர்த்திசையில் செய்யும் பிழையாகும். ஆர்வலர்கள் இதில்தான் அதிகம் வழுக்குகின்றனர். சோழர் காலச் செப்பேடுகள், கொடையாக அளித்த நிலத்தின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு உறுதிசெய்ததைக் கூறுகின்றன. கள்ளிவேலி அழிந்துபோக, கல் மட்டும் நின்றுவிடும். சிவன் கோயில் நிலமானால் அதில் சூலமும், திருமால் கோயில் நிலமானால் ஆழியும், சமணப்பள்ளிக்கு விட்ட நிலமானால் முக்குடையும் பொறித்திருக்கலாம். மழையிலும் வெயிலிலும் அக்கோடுகள் தேய்ந்துவிட்டால் எஞ்சுவது மொட்டைக்கல்லே.

கால்நடைகள் தினவுதீர உராய்ந்துகொள்ளக் கல்லோ மரத்தறியோ நடுவதும் முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆவுரிஞ்சுதறி என்று தமிழகத்தில் குறிக்கப்படும் இதனை யாழ்ப்பாணத்தில் ஆவுரஞ்சிக்கல் என்பர். அங்கே சாலையோரக் கேணி, மடம், சுமைதாங்கி ஆகியவற்றின் பக்கத்தில் இவை இன்னும் சில நிற்கின்றன. மாட்டின் விலாப்புற உயரத்தில் கல் வழவழப்பாகத் தேய்ந்திருப்பது இதன் அடையாளம். இருந்தாலும், மாடு கல்லின் வரலாறு கேட்டு உராய்வதில்லையாகையால், இரும்புக்கால நெடுங்கல்லிலும் அதே வழவழப்பு ஏற்படும். தேய்மானம் பயன்பாட்டைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது. பிரித்தானியத் தீவுகளின் மேய்ச்சல் நிலங்களிலும், தொல்கால நடுகல்லா மாடு உராய்வதற்கென்று உழவர் நட்ட கல்லா என்ற இதே ஐயம் எழுவதுண்டு.

இவையன்றி, கமலை கட்டி நீரிறைத்த கிணறு தூர்ந்தபின் எஞ்சிய கல்தூண், குறுக்குக்கல் விழுந்த சுமைதாங்கியின் ஒரு கால் என்று மிக எளிய பிறப்புடைய கற்களும் உண்டு. உச்சியில் துளையோ பள்ளமோ இருந்தால் முதலில் கிணற்றைத் தேடுவதே அறிவுடைமை.

வீரனுக்கு எடுத்த நடுகல் தனி வகை. ஆயினும் அதற்கும் நெடுங்கல்லுக்கும் உள்ள உறவு நெருக்கமானது என்பதைத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட கற்கள் காட்டின. ஆநிரை கவர்ந்த பூசலைக் குறிக்கும் தமிழி எழுத்துகள் அங்கே கிடைத்தன. பிற்கால நடுகற்களில் காணும் வாளேந்திய வீரன் உருவமோ அக்கற்களில் இல்லை. அவை ஈமச்சின்னங்களோடு சேர்ந்தவை என்பது ஆய்வாளர் கருத்து. அந்த எழுத்து வரிகள் மட்டும் இல்லாதிருந்தால், அவற்றை நடுகல் என்று யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

கல்லின் வயதைக் கல்லிடமே கேட்பதிலும் பயனில்லை. வடதமிழகத்துப் பாறைகள் பல சுமார் 250 கோடி ஆண்டுத் தொன்மையுடையவை. அது பாறை உருவான காலமேயன்றி, மனிதன் அதை நிமிர்த்திய காலமன்று. நிமிர்த்திய காலத்தை அறியக் கல் ஊன்றிய குழியைத்தான் நாட வேண்டும். கல் சாயாதிருக்க அடியில் திணித்த ஆப்புக்கற்களுக்கிடையே சிக்கிய கரித்துண்டைக் கதிரியக்கக் கரிமமுறையால் அளக்கலாம். குழிமண்ணின் மணல்துகள்கள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வுமுறை கணிக்கும். மேற்பரப்பில் வரிசையாகத் துளையிட்டுப் பிளந்த தடம் இருக்குமானால், கல் அண்மைக்காலக் கல்லுடைப்பிலிருந்து வந்தது என்று ஐயுறலாம். இயற்கையாகப் படலம் படலமாக உரிந்த பாறையிலிருந்து எடுத்த பலகையில் அத்தகைய தடம் இராது. சுற்றுவட்டாரத்தில் அதே வகைப் பாறை இல்லையென்றால், அதை இழுத்துவரப் பலர் கூடி உழைத்திருக்க வேண்டும்; ஒரு மாட்டுத்தறிக்காக அத்தனை பேர் கூடுவது நடவாத காரியம்.

இத்தனைக்கும் ஆதாரமான அந்தக் குழிதான் இன்று எளிதில் அழிவது. நிலத்தைச் சமன்செய்ய வரும் ஜேசிபி இயந்திரம் கல்லைப் பெயர்த்தெடுக்க, நிலவுடைமையாளர் பக்தியோடு அதை வரப்போரத்தில் மறுபடி நட்டு, மஞ்சளும் குங்குமமும் இடுவதுண்டு. கல் பிழைத்தது என்று ஊர் மகிழ்ந்தாலும், ஆப்புக்கற்களும் கரித்துண்டும் பானை ஓடுகளும் மண்ணோடு கலந்து போயிருக்கும். பின்னால் வரும் ஆய்வாளர் அந்தப் புதுக்குழியைத் தோண்டினால், அங்கே கிடைப்பது நெகிழித்தாளாகவே இருக்கும்.