ஒரு நுகத்தில் இரண்டு மாடுகள்

1996இல் கிளிநொச்சியை விட்டு வந்து கொட்டில்களில் பாய் விரித்துப் படுத்த காலத்தில், பகைவன் பாயருகேயும் வந்தான்: கட்டு விரியன். எண்ணெய் விரியன் என்றும் சொல்வோம். இரவில் நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும். பல வேளை நோவே தெரியாது.

அதன் நஞ்சிலுள்ள ஒரு கொடிய புரதம் இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஒன்று நரம்பின் நுனியைத் தேடிப் பிடிக்கும்; மற்றது அதை அழிக்கும். இரண்டையும் நுகம்போலச் சேர்ப்பது இரு கந்தக அணுக்களின் இணைப்பு. இதையே இருசல்பைட்டுப் பிணைப்பு என்பர். நமது தலைமயிருக்கு உறுதி தருவதும் இதுதான். மயிர் கருகும் நாற்றத்தில் அந்தக் கந்தகம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்தின் சங்கிலிகளையும் இதே பிணைப்பே கட்டி வைத்திருக்கிறது. ஆனால் அம்மருந்து இரத்தத்தில் ஓடும் நஞ்சைத்தான் பிடிக்கும். அழிந்த நரம்பு நுனியை மீட்காது. அது மீளப் பல நாள் செல்லும், அதுவரை சிலருக்கு மூச்சுவிட இயந்திரமே துணை.

ஆகவே, விடியற்காலையில் பிள்ளை வயிறு நோகுது என்று அழுது, கண்ணிமையைத் தூக்க முடியாதிருந்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிராதீர்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரவில் நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிவிட்டுப் படுங்கள்.