குளிர்கால விருந்தாளியைக் காணப் போவோமா?



ஆண்டிறுதி விடுமுறை வந்தால் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு மூலையில் ஒதுங்கிவிடுகிறார்கள். பயணம் போனாலும் உங்களுக்கு அது ஓய்வா? விடியுமுன் எழுந்து சோறாக்கி, சட்டி பானைகளை வேனில் ஏற்றி, போன இடத்திலும் பரிமாறி, திரும்பி வந்து அவற்றைக் கழுவுவதோடு நாள் முடிந்துவிடுகிறது. இம்முறை அரை நாள் நடையொன்று போய்ப் பாருங்கள்.

நம் நாட்டில் பனி கொட்டுவதில்லை. ஆனால், குளிருக்கு அஞ்சி வரும் விருந்தாளிகள் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக் குருவி அவர்களில் ஒருவர். ஒரு சாண் நீளம்கூட இல்லாத இப்பறவை இலங்கை வரை பறந்து வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிவிடுகிறது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. காலையிலும் மாலையிலும் 6 மணியளவில் கூவுவதால் இந்தப் பெயர். சிங்களத்தில் 'அவிச்சியா' என்பார்கள். மயில் தன் ஆடையைத் திருடிவிட்டதென்று அது முறையிடுகிறதாம்! கிராமத்தவர் சொல்லும் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

பறவை பார்க்க யால வரை போக வேண்டியதில்லை. கோட்டேயில் சுமார் 18 ஹெக்டேயரில் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது. சதுப்பின் மேல் பலகைப் பாதை உண்டு. உம்மம்மாவும் மெதுவாக நடக்கலாம். கொக்கு, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி எல்லாம் அருகிலேயே தெரியும். இரவில் இரை தேடும் மீன்பிடிப் பூனையும் கொழும்பின் ஈரநிலங்களில் வாழ்கிறது.

2018ஆம் ஆண்டு ராம்சார் சாசனத்தின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இந்தச் சதுப்புகள் மழைநீரைத் தாங்கி வைத்துக்கொள்கின்றன. இவற்றை மண்ணிட்டு நிரப்பினால் அந்த நீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குள்தான். வெள்ளம் வடிந்தபின் சேறு கழுவுவது யார்? நீங்கள்தானே! இதைக் கண்ணால் கண்ட பிள்ளை, குப்பைப் பையைக் கால்வாயில் வீச யோசிக்கும்.

ஸுபஹ் தொழுத கையோடு புறப்படுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் மறைந்துவிடும். கை மூடிய, மங்கலான நிற உடை நல்லது. நுளம்பும் கடிக்காது, பறவையும் மிரளாது. வழுக்காத சப்பாத்து, குடை, தண்ணீர், வாழைப்பழம், பாண் போதும். பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்து, கண்டதை எழுதச் சொல்லுங்கள். "சத்தம் போடாதே" என்று அதட்டுவதைவிட, "யார் முதலில் காண்பது?" என்று கேளுங்கள், தானாகவே அமைதியாகிவிடுவார்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பையை வாப்பா சுமக்கட்டும். பகல் சாப்பாட்டைக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை ஒரு பறவையைக் காட்டி "உம்மா, அங்கே பாருங்கள்!" என்னும்போது, அடுப்படியில் அல்லாமல் அதன் பக்கத்திலேயே நீங்கள் நிற்க வேண்டாமா?